பின்வரிசைக்காரர்கள்

அம்மையப்பன் அண்ணன் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. திருவிழாக் கடையில் பலூன் சுடக் கூப்பிட்டாலும் "நமக்கெதுக்குப்பா" என்று நகர்ந்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர்தான் சார்ஜாவில் ஒரு பெரிய வில்லாவின் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்த பழைய ரிவால்வர்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

பெரம்பலூருக்கு மேற்கே ஒரு கிராமம் அவருக்கு. வந்த புதிதில் அபுதாபி முசஃபாவில் ஏசி மெக்கானிக். ஒரு ஆகஸ்ட் மாதம் மொட்டைமாடியில் கம்ப்ரசர் மாற்றும்போது வெயிலில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிது என்றார்கள். இன்னொரு கோடையை வெளியில் நின்று தாங்கும் உடம்பு இல்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு, ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்று சார்ஜா ரோலாவில் ஒரு ரூமில் படுத்துக் கிடந்தவரை, பக்கத்துக் கட்டிலில் இருந்த செய்கு முகம்மது பாய்தான் தான் டிரைவர் வேலை பார்த்த வீட்டுக்கு அழைத்துப் போனார். பாய்க்குக் கீழக்கரை. "வெயில் படாத வேலை ஒண்ணு இருக்கு. தொடைக்கணும், பாத்துக்கணும், வாய மூடிக்கணும்" என்றாராம். முதல் இரண்டும் அண்ணனுக்கு உடனே பழகிவிட்டன.

வீட்டுக்காரரை எல்லோரும் அர்பாப் என்போம். முதலாளி என்று அர்த்தம். பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன நாடுகளில் எல்லாம் பழைய ரிவால்வர்களைத் தேடி வாங்கி, குழாயை அடைத்துச் சுட முடியாதபடி ஆக்கி, போலீஸ் லைசன்ஸோடு வைத்திருந்தார். அவற்றுக்குப் படம் எடுத்து, விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக என்னைச் சேர்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கல்லூரியில் சேரும்போது தாசில்தாரிடம் வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை அப்பா இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் துப்பாக்கிக் குழாயை ஸ்கேல் வைத்து அளப்பதில் பாய்க்குத் தீராத வேடிக்கை.

"என்ன பி.காம், இன்னைக்கு யாருக்கு அளவெடுத்தீங்க? தீவாளிக்குச் சட்டை தைக்கவா?"

"விடு பாய், தம்பி படிச்ச புள்ள" என்பார் அண்ணன்.

கூடத்தின் நடுவில், மேலிருந்து விளக்கு வெளிச்சம் விழும் பெட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். அமெரிக்கக் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன், பிரிட்டிஷ் பட்டாளத்து வெப்லி. வருகிற விருந்தாளிகள் நேராக அங்கேதான் போவார்கள். கோல்ட்டின் முன்னால் விரலைத் துப்பாக்கி போல நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதோடு காபியும் பேரீச்சம்பழமும் வந்துவிடும். பின்சுவரில், ஜன்னல் திரைக்குப் பக்கத்தில், ஒரே நீளப் பெட்டியில் ஆறு ரிவால்வர்கள் தொங்கியதை முக்கால்வாசிப் பேர் கவனித்ததே இல்லை.

அந்தப் பின்வரிசைதான் அம்மையப்பன் அண்ணனின் உலகம். அர்பாப் நடமாட்டமாக இருந்த காலத்தில் சாயங்காலங்களில் அந்தப் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொள்வாராம். கோல்ட்டைக் காசு இருக்கிறவன் யாரும் வாங்கலாம், இவற்றைப் பிடித்தவன் மட்டும்தான் வாங்குவான் என்பாராம். அரைகுறை அரபி, அரைகுறை இந்தி, மீதி சைகை என்று அண்ணனுக்கு அது புரிந்து, புரிந்தது பிடித்தும் போய்விட்டது. வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதில் அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

யாராவது விருந்தாளியோடு வந்த தமிழ் டிரைவர் கிடைத்தால் போதும், அண்ணன் கையைப் பிடித்துப் பின்சுவருக்கு இழுத்துப் போய்விடுவார்.

"கோல்ட்டு நல்ல சாமான்தான், யாரு இல்லேன்னா? ஆனா சுட்டு முடிச்சா காலித் தோட்டாவ ஒண்ணொண்ணா குச்சியால தள்ளிக்கிட்டு நிக்கணும். இவரப் பாருங்க. இவரும் அமெரிக்காதான், அதே காலம்தான். முன்பக்கத்த முறுக்கி இழுத்தா சுட்டது மட்டும் கீழ கொட்டிடும், சுடாதது அப்படியே நிக்கும். இப்ப கைய விடறேன், பாருங்க."

இழுத்த முன்பக்கத்தை அவர் விடுவார். இரும்பு தானாகவே மெல்லப் பின்னால் போய்த் தன் இடத்தில் பொருந்தும். உள்ளே ஸ்பிரிங் கிடையாது. காற்று நுழைய முடியாத அளவுக்கு இழைத்துச் செய்திருப்பதால் அந்த வெற்றிடமே இழுத்துக்கொள்கிறது. முதல்முறை பார்த்தபோது தூங்குகிறவர் மூச்சை உள்ளே வாங்குவது போலவே இருந்தது. அண்ணன் அதற்கு வைத்த பெயரும் மூச்சுக்காரர்தான்.

பக்கத்தில் ருஷ்யப் பட்டாளத்து ஏழுக்காரர். எல்லோரும் ஆறு குண்டு என்றால் இவருக்கு ஏழு. விசையை அழுத்தினால் குண்டுகள் உட்காரும் உருளை ஓர் இம்மி முன்னால் நகர்ந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும், புகை கசியாது. அடுத்து ஆஸ்திரியாவின் எட்டுக்காரர். பக்கத் தகட்டைத் திறந்தால் கைக்கடிகாரத்தின் உள்ளே எட்டிப் பார்ப்பது போலிருக்கும். உருளை வலப்பக்கமாகத் திறக்கிற பிரெஞ்சு ரிவால்வர் சோத்தாங்கைக்காரர். விசையை மடித்து வைத்துக்கொள்ளும் இத்தாலியருக்கு மடக்குக்காரர் என்று பெயர். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே வருபவர், ஆறாவதிடம் வரும்போது மட்டும் குரலை இறக்கிவிடுவார்.

"இவரு சப்பான்" என்பார். அவ்வளவுதான். விருந்தாளியின் டிரைவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருப்பார். அண்ணன் அதற்குள் திரையைச் சரிசெய்யப் போயிருப்பார்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது காரணத்தைச் சொன்னார். அவருடைய தாத்தாவின் தம்பி மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். யுத்தத்தில் சப்பான்காரன் பிடித்து, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். போனவர் திரும்பவில்லை. கூட இருந்து தப்பி வந்த ஒருவர், முடியாமல் உட்கார்ந்தவனை இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்துத்தான் எழுப்புவார்கள், எழாதவன் எழவே மாட்டான் என்று வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்.

"இந்தத் துப்பாக்கிதான்னு யாரு சொன்னா?" என்றேன்.

"இது இல்லேன்னுதான் யாரு சொன்னா?" என்றார். பிறகு, "அவருக்கும் எண்ணெ போடுறேன், குறை வைக்கல. உத்து மட்டும் பாக்குறதில்ல" என்றார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ரோலாவிலிருந்து பொரியும் கடலையும் குங்குமமும் வாங்கிவந்து, காலையில் டூட்டி தொடங்குவதற்கு முன் தன் ஸ்க்ரூடிரைவர், வாக்குவம் கிளீனர், ஏணி, என்னுடைய லேப்டாப் மூலை என எல்லாவற்றுக்கும் அண்ணன் பொட்டு வைத்தார். பாயின் லேண்ட் குரூஸரை நோக்கிப் போனபோது பாய் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எட்ட நில்லும். இதுக்கு நான் ஓதி ஊதியாச்சு. ஒரு வண்டிக்கு ரெண்டு பாதுகாப்பு ஆகாது."

"அப்ப பொரி மட்டும் தின்னுங்க பாய்."

"அதக் குடு. அதுக்கு மார்க்கத்துல மசலா ஒண்ணும் இல்ல."

சாயங்காலம் எல்லாப் பொட்டுகளையும் துடைத்தாயிற்று. அதோடு நான் அதை மறந்துபோனேன்.

அந்த நேரத்தில் அர்பாப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு கை விளங்கவில்லை, பேச்சும் குழறியது. வீட்டு நிர்வாகம் மகன் மாஜித் கைக்கு வந்திருந்தது. மாஜித் நல்லவர்தான். ஆனால் அவருக்கு நடுப்பெட்டி மூவர் மட்டும் போதும். பின்சுவரை இடித்து ஜன்னலைப் பெரிதாக்கிவிட்டுப் பின்வரிசையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் ஒருநாள், வெளியே பனிமூட்டம் வெயில் ஏறியும் கலையாமல் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற காலை. பாய் அர்பாப்பைக் கூடத்துக்குத் தள்ளிவந்தார். பின்பெட்டியின் முன்னால் நாற்காலி நின்றதும் அர்பாப்பின் நல்ல கை மெல்ல உயர்ந்தது. ஒரு விரலைக் கண்ணாடியை நோக்கி நீட்டினார்.

"தம்" என்றார். அரபியில் ரத்தம். "தம்... தம்..."

பாய் குனிந்து பார்த்தாராம். அதற்குள் அர்பாப்புக்கு மூச்சு இரைத்து, அறைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பாய் சொல்லி, நானும் அண்ணனும் போய்ப் பார்த்தோம். ஆறு பேரும் எண்ணெய்ப் பளபளப்போடு தொங்கினார்கள். சப்பான் ரிவால்வர் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. நோயாளியின் கண்ணுக்கு எதுவோ தெரிந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

அந்த வார இறுதிக்குள் மாஜித்தே பார்த்துவிட்டார். ஜன்னலுக்கு அளவெடுக்க ஆளோடு வந்தவர், சப்பான் ரிவால்வரின் உருளையில் ஒரு சிவப்புத் துளியைக் கண்டு நின்றுவிட்டார். பூட்டு பூட்டியபடி. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அவர் செல்போனில் எடுத்த படத்தை நானே பார்த்தேன். ஓரம் காய்ந்து, நடுவில் இருண்ட சிவப்பு. நான் பதறிக்கொண்டு கூடத்துக்குப் போனபோது அது இன்னும் அங்கே இருந்தது. மறுநாள் காலையில் இல்லை. அடுத்த நாள் மறுபடியும் இருந்தது, ஆனால் முன்பு இருந்த இடத்தில் அல்ல, குழாயின் பக்கமாகச் சரிந்து.

வீடு மாறிப்போனது. பிலிப்பைன்ஸ் பணிப்பெண் கூடத்தின் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள். உள்ளே எந்நேரமும் குர்ஆன் ஓதும் ஒலிப்பதிவு ஓடியது. பகலிலேயே எல்லா விளக்குகளும் எரிந்தன. பாய் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். மாஜித் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார். கேமரா கூடத்து வாசலை மட்டும்தான் காட்டும். அந்த நாட்களில் வந்துபோனவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள்தான்.

"கலாஸ்" என்றார் மாஜித். முடிந்தது. பின்வரிசை ஆறையும் போலீஸிடம் ஒப்படைத்து உருக்கச் சொல்லிவிடப் போகிறார். எது கெட்டது என்று யார் கண்டது, ஆறும் ஒன்றாகவே போகட்டும். வருகிற திங்கள்கிழமை வண்டி வரும்.

அண்ணன் இரண்டு நாளாகக் கூடத்துக்குள் போகவில்லை. வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போன் போட்டு மனைவி உமாராணி அக்காவிடம் தாத்தாவின் தம்பி பெயரைக் கேட்டு, அவர் பெயரில் கோயிலில் விளக்குப் போடச் சொல்லியிருந்தார்.

"ஆறு பேரையும் உருக்கிடுவாங்களாம் தம்பி" என்றார் என்னிடம். "மூச்சுக்காரரு என்ன பண்ணாரு? எட்டுக்காரரு என்ன பண்ணாரு? அந்த ஒருத்தரு போனாப் பரவாயில்ல. கூட இருந்த பாவத்துக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எல்லோரும் போனபின், உருக்கப் போவதற்கு முன் கடைசிப் படங்களை எடுக்கச் சொல்லியிருந்ததால் நான் உள்ளே போக வேண்டியிருந்தது. தனியாகப் போக மனம் வரவில்லை. "வாங்கண்ணே" என்றேன். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. எழுந்து வந்தார்.

ஓதும் ஒலிப்பதிவை யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஊதுக்கட்டை வாசனை மட்டும் மிச்சமிருந்தது. பெட்டியின் முன்னால் இருவரும் நின்றோம். சப்பான் ரிவால்வரில் சிவப்பு இல்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி கம்ப்ரசர் 'தும்' என்று உதைத்துக் கிளம்பியது. கண்ணாடி மெலிதாக அதிர்ந்தது. கேமரா வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்த உருளையின் அடியிலிருந்து, நகக்கண்ணில் ரத்தம் கசிவது போல, ஒரு சிவப்பு ஓரம் மேலே வந்தது.

யாரும் தொடவில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. ஆனால் அந்த உருளை சுழன்றுகொண்டிருந்தது. மிக மெல்ல, யாரோ கட்டைவிரலால் எண்ணி எண்ணித் தள்ளுவது போல. அண்ணனின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. "தாத்தா" என்று அவர் வாய் முனகியதைக் கேட்டேன். சிவப்பு முழுதாக மேலே ஏறி எங்களை நோக்கி நின்றது. கம்ப்ரசர் அடங்கியது. உருளையும் நின்றது.

அண்ணன் பின்வாங்குவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். இத்தனை காலம் உற்றுப் பார்க்காத ஆளை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி" என்றார். "இது குங்குமம்."

ஆயுத பூஜையன்று, நான் வருவதற்கு முன்பே, அவர் கூடத்தைத் திறந்து எல்லா ரிவால்வர்களுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். வெறும் குங்குமம் இரும்பில் நிற்காது என்று துப்பாக்கி எண்ணெயில் குழைத்து, ஒவ்வொருவருக்கும் உருளையின் உச்சியில். வாக்குவம் கிளீனருக்கே வைக்கிறோம், நிஜமான ஆயுதத்துக்கு வைக்காமல் விடுவதா? சப்பானுக்கு வைக்க மட்டும் கை தயங்கியிருக்கிறது. ஒருவருக்கு விட்டால் மற்றவர்களுக்கு வைத்ததும் செல்லாது என்று அதற்கும் வைத்துவிட்டார். சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்தவர், வழக்கம்போல சப்பானை மட்டும் பார்க்காமலே துணியால் ஒரு இழுப்பு இழுத்து மாட்டிவிட்டார். பொட்டு அதற்குள் அடிப்பக்கம் போயிருந்தது.

ஏன் போனது என்பதை நானே தட்டச்சு செய்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். அந்த ரகத்தில் விசையை அழுத்தாத நேரத்தில் உருளையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி கிடையாது. உறையில் உரசினாலே சுழன்றுவிடும், அதுதான் அதன் பெரிய குறை என்று என் ஃபைலில் என் எழுத்திலேயே இருந்தது. மற்ற ஐந்தும் வைத்தது வைத்தபடி நிற்கும். இது மட்டும் சும்மா இருக்கும்போதெல்லாம் சுற்றும்.

"கம்ப்ரசரு கட்டைக்கு அடியில ரப்பர் போயிருக்கு" என்றார் அண்ணன். "அந்த உதைதான்." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் பயம் குறையவில்லை, இடம் மாறியிருந்தது.

பள்ளிவாசலிலிருந்து வந்த பாயிடம் சொன்னோம். பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்தார்.

"அட பாவி மனுஷா! கோல்ட்டுக்குமா வச்சே?"

"எல்லாருக்கும்தான்."

"வாயத் தொறந்துடாத. பூட்டுன பொட்டியத் தொறந்து, செவப்பா எதையோ தடவி, மந்திரம் சொன்னேன்னு மாஜித் காதுக்குப் போச்சுன்னா என்னான்னு நெனப்பான்? சிஹ்ரும்பான், சூனியம்! இந்த நாட்டுல அதுக்கு ஜெயிலு. நீ மந்திரம் சொன்னியா இல்லியா?"

"முருகான்னேன்."

"அது போதும்." பாய் என் பக்கம் திரும்பினார். "பி.காம், நீங்க சொல்லுங்க. பேசாம இருந்தா என்ன ஆகும்? ஆறு இரும்பு உருகும். சொன்னா இவரு வேலை போகும், விசா போகும், அதுக்கு மேலயும் போகும். எது கனம்?"

ஞாயிறு மதியம் பார்த்தபோது அண்ணன் பின்பெட்டியின் முன்னால் அர்பாப் போடும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்ரசர் ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் சிவப்பு கொஞ்சம் நகர்ந்தது. காரணம் தெரிந்த பிறகும் அதைப் பார்க்க எனக்குக் கூசியது.

"துடைச்சுட்டா யாருக்கும் தெரியாதுண்ணே" என்றேன்.

"துடைச்சா பொட்டு போவும். பயம் போவாது. நாளைக்கு வண்டி வரும்" என்றார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடியே, "நான் பேசாம இருந்தா இவரு ஒழிஞ்சாருன்னு ஒரு நிம்மதிகூட வருது தம்பி. அந்த நிம்மதிதான் நல்லா இல்ல" என்றார்.

திங்கள் காலை, அர்பாப்பும் மாஜித்தும் கூடத்தில் இருக்கும்போது அண்ணன் நேராகப் போய் நின்றார். மொழிபெயர்க்கப் பாயையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சொல்லுங்க பாய். பொட்டு நான் வச்சதுன்னு சொல்லுங்க. எங்க சாமி கும்புடுற நாளுன்னு சொல்லுங்க."

பாய் அரபியில் என்னவோ சொன்னார். மாஜித் தலையாட்டினார்.

"என்னா சொன்னீங்க?"

"துரு புடிக்காம இருக்கச் செவப்பு மருந்து தடவுனியாம்."

"பாய், நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

"அப்படியே சொன்னா நீ அப்படியே ஊருக்குப் போவே, ஓய்!"

"போறேன். சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் மாஜித்திடம் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே பாய் குறுக்கிட்டு, தானே அரபியில் முழுவதையும் சொல்லிவிட்டார், முருகா உட்பட. வேலை செய்கிறவன் வருடத்தில் ஒருநாள் தன் சாமானுக்கு மரியாதை செய்வது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள வழக்கம் என்று அவர் கடைசியில் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டதைப் பிறகுதான் அறிந்தேன். மாஜித்தின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. அப்போது சுவருக்குப் பின்னால் கம்ப்ரசர் உதைத்தது. எல்லோர் கண்களும் பெட்டிக்குப் போயின. சிவப்பு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கேட்டது போல, மெல்லத் திரும்பியது. மாஜித் ஓர் அடி பின்னால் வைத்தார்.

அர்பாப்பின் நல்ல கை நீண்டது. கொடு என்ற சைகை. அண்ணன் பெட்டியைத் திறந்து, சப்பான் ரிவால்வரை இரு கைகளாலும் எடுத்து அவர் மடியில் வைத்தார். கிழவர் கட்டைவிரலால் பொட்டை அழுத்தித் தேய்த்தார். விரலை முகர்ந்தார். பின் தன் வெள்ளைக் கந்தூரா அங்கியில், மார்புக்கு நேராக, அதைத் துடைத்தார். வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் வராமல் சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்கு நேரம் பிடித்தது.

"மாஃபி தம்" என்றார். ரத்தம் இல்லை.

வண்டி திரும்பிப் போனது. அப்பா இருக்கும்வரை பின்வரிசை இருக்கட்டும் என்று மாஜித் சொன்னார். போலீஸுக்கும் போகவில்லை, விசாவிலும் கை வைக்கவில்லை. ஆனால் கையை நீட்டினார். அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தார். இனி அவருக்குக் கூடத்துக்குள் வேலை இல்லை. வெளியில் தோட்டத்துக்குத் தண்ணீர், கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்வது. இப்போது குளிர்காலம், வெயில் தெரியாது. மே மாதம் வரும்போது என்ன செய்வார் என்று நாங்கள் மூவருமே பேசிக்கொள்வதில்லை.

முதல் வேலையாக அவர் கம்ப்ரசருக்குப் புது ரப்பர் போட்டார். பெட்டியையும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். அங்கே எந்த அதிர்வும் கிடையாது. தண்ணீர் டம்ளர் வைத்து நானே பார்த்தேன், பரப்பு கண்ணாடி போல நின்றது. சாவி இப்போது என்னிடம். துடைப்பதும் நான்தான். விருந்தாளிகள் கதை கேள்விப்பட்டு, கோல்ட்டைத் தாண்டி நேராகப் பின்வரிசையிடம் வருகிறார்கள். ரத்தம் வந்தது எது என்று கேட்கிறார்கள். மூச்சுக்காரரைத் திறந்து காட்டினால் அரைக்கண்ணால் பார்க்கிறார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "வந்ததுக்கு அப்படியே எட்டுக்காரரையும் காட்டிவிடு. பத்துல ஒருத்தனுக்காச்சும் புடிக்கும்" என்றார்.

சப்பான் ரிவால்வரின் பொட்டு முழுதும் போகவில்லை. உருளையின் பள்ளத்தில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு தங்கிவிட்டது. எவ்வளவு துடைத்தும் வரவில்லை. நானும் அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் பூட்டுகிறேன்.

தினமும் சாயங்காலம் நான் வெளியே வரும்போது அண்ணன் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வருவார். "நம்ம ஆளுங்க நல்லா இருக்காங்களா?" என்பார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்பார். நானும் சொல்வேன். முன்பெல்லாம் அவர் சொல்லத் தயங்கிய ஆளை இப்போது கடைசியில் மறக்காமல் கேட்கிறார்.

"சப்பான்காரரு?"

போன வாரம் ஒருநாள் பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"திரும்பியிருக்காருண்ணே."

அண்ணன் கம்ப்ரசரைப் பார்த்தார். அது சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம்."

ஜன்னலுக்கு வெளியே அவர் நாள் முழுதும் நிற்கும் பூச்செடி வரிசை இருக்கிறது. அதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சற்று நேரம் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து நின்றார்.

"சரி. நாளைக்குத் திரையக் கொஞ்சம் விலக்கி வை" என்றார். "பாத்துட்டுப் போறாரு."